விரலே மவுஸ்

சார், ஒரு நிமிசம். மடியில புது டப்பாவா வச்சிருக்கீங்களே, உள்ள இருக்கது டேப்லெட்டுத்தானே? அதுல மவுஸ் எடுக்குமான்னு கேட்டு வாங்குனீங்களா? கேக்கலையா. அதானே பாத்தேன். யாரும் கேக்க மாட்டாய்ங்க சார், நானும் கேக்கல. மகளுக்கா? காலேஜுக்கா? லேப்டாப்புக்குப் பதிலா இதுவே போதும்னு கடைக்காரன் சொல்லியிருப்பானே, சொன்னானா இல்லையா? இருங்க, ஜன்னலைச் சாத்திக்கிறேன், தலையில காத்து படக் கூடாதுன்னு சொல்லியிருக்காய்ங்க. கட்டைப் பாத்து மிரண்டுறாதீங்க. தண்ணியப் போட்டுட்டு விழுந்த கேசு இல்ல நானு. இந்தக் கட்டுக்குக் காரணமே நீங்க பத்திரமா அணைச்சு வச்சிருக்கீங்களே, அந்தச் சனியன்தான்.

சொல்றேன் கேளுங்க. பஸ்ஸு திருப்பத்தூர் போற வரைக்கும் நமக்கு வேற என்ன சோலி.

எம்பேரு ராஜாங்கம். மேலூர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கேன், ராஜாங்கம் டிஜிட்டல். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி, எதுன்னாலும் நம்ம கடைதான். மிசின்ல அடிச்சு, ஓரத்துல ஓட்டை போட்டு, சவுக்குக் கம்புல கட்டி, மண்டப வாசல்ல தூக்கி நிறுத்துற வரைக்கும் என் பொறுப்பு. டிசைன் மட்டும் எம் பொண்டாட்டி பாத்துக்கிருவா. நாகஜோதி. பெருமைக்குச் சொல்லல, அவளை ஆளாக்குனதே நான்தான். கம்ப்யூட்டரெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே படிச்சிருந்தா, அது வேற விசயம். படிச்சா ஆச்சா? உக்காந்து செய்ய ஒரு கடை குடுத்தது யாரு? சொல்லுங்க.

வேலை நல்லாத்தான் செய்வா. அதை இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிரும். மவுஸைப் புடிச்சாள்னா தலைமுடி ஒண்ணொண்ணா வெட்டி எடுப்பா. செத்துப்போன ஆளோட ரேசன் கார்டு போட்டோவைக் குடுத்தாக் கூடக் கோட்டு மாட்டி, கூலிங் கிளாஸ் போட்டு, கலெக்டர் மாதிரி ஆக்கிருவா. அதுனால என்னாச்சு, வர்றவன் போறவனெல்லாம் அக்கா அக்கான்னு அவளத்தான் கேக்குறாய்ங்க. ஒருநாளு ஒருத்தன் வந்தான். என்னப்பா சைஸுன்னு நான் கேக்குறேன், அவன் என்னைத் தாண்டி உள்ள எட்டிப் பாக்குறான். "நீங்க விடுங்கண்ணே, அக்காகிட்டயே பேசிக்கிறேன்"ங்கிறான். நான் யாரு அப்ப? வாட்ச்மேனா? இவளாச்சும், அவருகிட்டயே சொல்லுங்கண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா? சொல்லல. சிரிச்சுக்கிட்டே, "வாங்கண்ணே, எத்தனை அடி"ன்னு கேக்குறா. அவன் போனதும் நான் போயி லேப்டாப்பைக் கொஞ்சம் நகத்துனேன் சார். அவ்வளவுதான் செஞ்சேன். அது வாசல்ல போயி விழுந்துருச்சு.

மேசை எங்க இருந்துச்சா? உள்ளதான் இருந்துச்சு, கடைசியில. ஏன் கேக்குறீங்க?

போனது போச்சு. வைகாசி மாசம், முகூர்த்தம் வரிசை கட்டி நிக்குது, லேப்டாப் இல்லாம எப்பிடி? மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ்வளவு நடந்தும் நான்தான் செலவு பண்ணிக் கூட்டிட்டுப் போறேன், யோசிச்சுப் பாருங்க. கடையில டை கட்டுன ஒரு பய இந்த டேப்லெட்டைத் தூக்கிக் காட்டுறான். தகடு கணக்கா இருக்கு, பாக்க ஜம்முன்னு இருக்கு. லேப்டாப் என்னத்துக்கு சார், அதுல செய்றதெல்லாம் இதுல செய்யலாம், பெட்டியும் வேணாம் வயரும் வேணாம்னு அடுக்குறான். நாகஜோதி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "தம்பி, இதுல மவுஸ் எடுக்குமா?" அந்தப் பய ஒரு மவுஸை எடுத்தாந்து சொருகிப் பாத்தான். அம்பு வரல. கழட்டி மாட்டிப் பாத்தான், அப்பவும் வரல. "இந்த மாடல்ல எடுக்காதுக்கா. எதுக்கு மவுஸு? விரலே மவுஸ்தானேக்கா"ன்னான். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் புடிச்சுப் போச்சு. இவ விடல. "தம்பி, முகம் வெட்டணும், மீசை வெட்டணும், விரலை வச்சா விரலுக்கு அடியில என்ன இருக்குன்னு எப்பிடித் தெரியும்"னு நிக்கிறா. கடையில அத்தனை பேரு பாக்குறாய்ங்க. புருசன் வாங்கித் தர்றேங்கிறான், இவ குத்தம் கண்டுபிடிச்சுக்கிட்டு நிக்கிறா. முழங்கைக்கு மேல புடிச்சு ஒரு அமுக்கு அமுக்குனேன். பேசாம வந்துட்டா. வீட்டுல பாத்தா அந்த எடம் கன்றிப் போயிக் கெடக்கு. அவளுக்குத் தோலு அப்பிடி சார், தொட்டாலே கன்றிரும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நீங்க வாங்கியிருக்கீங்கள்ல, கேட்டுக்கோங்க. அது லேப்டாப் ஆகுமா ஆகாதா?

படம் பாக்கணும், பாட்டுக் கேக்கணும், படிக்கணும்னா ஆகும். எங்க வேலைக்கு ஆகாது சார். அவ ஒரு முகத்தை வெட்டுனா காது போயிரும், காதை மீட்டா கன்னம் போயிரும். ஆட்காட்டி விரல் அந்த முகத்தை விடப் பெருசா இருக்கு, என்ன பண்ணுவா? வலது கிளிக்கு கிடையாது. ஒரு படத்தைப் பின்னாடி தள்ளணும்னா அது மேல விரலை அழுத்திப் புடிச்சுக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் கூடுதலா அழுத்திட்டா பின்னாடி போக வேண்டியது முன்னாடி துள்ளி வந்து நிக்கும். ராத்திரியும் பகலும் குனிஞ்சே கெடந்தா. கழுத்து வலிக்குதுங்கிறா, கட்டை விரல் மரத்துப் போச்சுங்கிறா. வேலை செய்ய மனசில்லாதவளுக்குச் சொல்றதுக்கு ஆயிரம் இருக்கும்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

ஒருநாளு எழுதுகோல் மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டா, முனையில ரப்பர் வச்சது, அந்தக் கண்ணாடி மேல வரையிறதுக்கு. யாரைக் கேட்டு வாங்குனன்னு அவ முன்னாடியே ஒடிச்சுப் போட்டேன். இன்னொருநாளு வந்து, "ஸ்டார் ஃப்ளெக்ஸ் கடையில ஒரு கம்ப்யூட்டர் சும்மாதான் கெடக்கு, மத்தியானத்துல போயி இந்தக் காதுகுத்து வேலையை மட்டும் மவுஸ்ல முடிச்சுட்டு வந்துர்றேன்"ங்கிறா. எப்பிடி இருக்கும் எனக்கு? அவன் என் போட்டிக்காரன். எம் பொண்டாட்டி போயி அவன் கடையில உக்காருவாளா? கன்னத்துல ஒண்ணு வச்சேன். தோடு கழண்டு விழுந்துச்சு, நானேதான் குனிஞ்சு தேடி எடுத்துக் குடுத்தேன். எந்தப் புருசன் சார் தேடிக் குடுப்பான்?

அந்தக் காதுகுத்துதான் சார் எல்லாத்துக்கும் ஆணிவேரு.

நீங்க எந்தப் பக்கம்? காரைக்குடியா, அப்ப தெரியும். எங்க பக்கம் காதுகுத்துல தாய்மாமன் வச்சதுதான் சட்டம். மாமன் மடியில புள்ளையை உக்கார வச்சுத்தான் காது குத்தணும். ஃப்ளெக்ஸுலயும் மாமன் தலைதான் பெருசா இருக்கணும். தலை எவ்வளவு பெருசோ மரியாதை அவ்வளவு. டேப்பைக் கொண்டாந்து அளந்து பாத்த ஆளுங்க எல்லாம் உண்டு. இந்தக் காதுகுத்துல மாமனுங்க ரெண்டு பேரு. மூத்தவன் மாயழகு, இளையவன் சின்னக்கருப்பு. அப்பன் செத்தப்ப கொள்ளி வைக்கிற எடத்துலயே சண்டை போட்டுப் பிரிஞ்சவய்ங்க, அதுலருந்து பேச்சு வார்த்தை கிடையாது. தங்கச்சிக்காரி ரெண்டு பேரு கால்லயும் விழுந்து வரச் சொல்லியிருக்கு. அது புருசன் வந்து எங்ககிட்ட ஆயிரம் தடவை சொல்லிட்டுப் போனான். "அண்ணே, ரெண்டு மச்சானும் ஒரே சைஸு, ஒரே உயரம். ஒரு நூலு கூடக் குறையப்படாது. குறைஞ்சா அங்க கொலை விழும்."

நாகஜோதி அதை எத்தனை நாள் செஞ்சான்னு கேக்காதீங்க. முடிச்சுட்டு எந்திரிக்கையில கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு. "முடிஞ்சுருச்சுங்க. யாரும் தொட வேணாம். அப்பிடியே மிசினுக்கு அனுப்பிருங்க"ன்னு சொல்லிட்டு டீ வாங்கப் போனா. அது என்ன சார், யாரும் தொட வேணாம்னு எங்கிட்டயே சொல்றது? என் கடை, என் டேப்லெட்டு. மாயழகு மீசை முனை சரியா இருக்கான்னு ரெண்டு விரலை வச்சு விரிச்சுப் பாத்தேன். தப்பா? அப்பறம் கட்டை விரலை வச்சு ஒரு அழுத்து அழுத்துனேன், சின்னக்கருப்பு சட்டைக் காலரை நல்லாப் பாக்க. படம் சின்னதா ஒரு துள்ளு துள்ளுச்சு. திரும்பச் சுருக்கிட்டேன். எல்லாம் இருந்த எடத்துலதான் இருந்த மாதிரி தெரிஞ்சுச்சு. அனுப்பிட்டேன். நான் ஒண்ணுமே செய்யல சார், பாத்தேன், அவ்வளவுதான்.

அடிச்ச கையோட சுருட்டி வச்சு, கருக்கல்லயே போயி மண்டப வாசல்ல கட்டிட்டு வந்துட்டோம். இருட்டுல எவன் அண்ணாந்து பாத்தான்? அப்பறம் கறிச்சோத்துக்குச் சொல்லியிருந்தாய்ங்களேன்னு குளிச்சுட்டு நானும் போனேன். மாயழகு சீர் கொண்டாந்தான் பாருங்க, ஊரே வாயைப் பொளந்துச்சு. கொட்டுமேளம், வாணவேடிக்கை, தாம்பாளம் தூக்கிட்டு வரிசையா பொம்பளைங்க, மாலை போட்ட ரெண்டு கெடா. வாசலுக்கு வந்தான். அண்ணாந்து பாத்தான். மேளக்காரன் அடிக்கிறதை நிறுத்திட்டான், அப்பிடி ஆயிருச்சு அவன் மொகம்.

என்னன்னு பாத்தா, சின்னக்கருப்பு படம் முன்னாடி வந்து நிக்குது. அவன் தோளு அண்ணன் மொகத்துல பாதியை மறைச்சுக்கிட்டு இருக்கு. ஒரு கண்ணும் அரை மீசையும்தான் மாயழகுக்கு. தம்பி தோளுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு எட்டிப் பாக்குறவன் மாதிரி நிக்கிறான் ஆளு.

"எந்த நாயிடா என் மொகத்து மேல இவன் தோளை வச்சது?"ன்னு ஒரு சத்தம். வாழை மரம் வெட்டிக்கிட்டு இருந்தவன்கிட்டருந்து அருவாளைப் புடுங்குனான். ஓடிப்போயி ஃப்ளெக்ஸை ஒரே கிழி. கிழிச்சது எங்க கிழிச்சான், சரியாத் தம்பி கழுத்துல இறங்குச்சு. படத்துலதான் சார். ஆனா உள்ள இருந்து ஓடியாந்த சின்னக்கருப்பு ஆளுங்களுக்கு எப்பிடி இருக்கும்? நம்ம ஆளு கழுத்துல அருவா வச்சுட்டான்னு ஒருத்தன் கத்துனான். அவ்வளவுதான். சவுக்குக் கம்பைப் புடுங்குறாய்ங்க, நாற்காலியைத் தூக்கி எறியிறாய்ங்க, தாம்பாளம் பறக்குது, பழமும் பட்டுச் சேலையும் காலுக்குள்ள மிதிபடுது. மாயழகு மச்சினன் ஒருத்தனுக்குக் காது பாதியா தொங்குது சார். காதுகுத்துக்கு வந்த எடத்துல! சின்னக்கருப்பைக் கீழ போட்டு நெஞ்சுல மிதிக்கிறான் ஒருத்தன். அந்தத் தங்கச்சி புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, "எண்ணே, வேணாம்ணே, எம்புள்ளையப் பாருங்கண்ணே"ன்னு ரெண்டு பக்கமும் ஓடுது, பாக்கச் சகிக்கல. கெடா ரெண்டும் எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல.

நான் எதுக்கு அங்க நிக்கிறேன்? கறிச்சோத்துல கை நனைக்காமக் கூடக் கிளம்பி வந்துட்டேன்.

கடைக்கு வந்து உக்காந்து மூச்சு விடல, வேன் வந்து நிக்குது. மாயழகும் அவன் ஆளுங்களும். சட்டையெல்லாம் ரத்தம். ஒருத்தன் கண்ணாடிக் கதவை எட்டி உதைச்சான். ஒருத்தன் என்னைத் தூக்கி மிசின் மேல எறிஞ்சான். எந்திரிக்கையில கம்பு வந்து தலையில விழுந்துச்சு, அதுதான் இந்தக் கட்டு. மாயழகு என் சட்டையைப் புடிச்சு, "எவன்டா செஞ்சது? அவன் ஆளுகிட்டக் காசு வாங்கிட்டுச் செஞ்சியா?"ன்னு கேக்குறான். நான் என்ன சார் சொல்ல முடியும்? உள்ளதைத்தான் சொன்னேன். டிசைன் செஞ்சது யாரு? விரலை நீட்டி, "இவதான்"னேன்.

மாயழகு அவளைத் திரும்பிப் பாத்தான். சொவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறா. கையில அந்த டேப்லெட்டு. கம்பு வச்சிருந்தவன் ஒரு அடி எடுத்து வச்சான். மாயழகு கையை நீட்டித் தடுத்துட்டான். "பொம்பளப் புள்ள மேல கை வைக்கிற வம்சம் இல்லடா நாம"ன்னான். எப்பேர்ப்பட்ட மனுசன் பாருங்க. அவ்வளவு கோவத்துலயும் ஒரு நெறி இருக்கு பாத்தீங்களா? இந்தக் காலத்துல யாருக்கு வரும்? எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

இவ என்ன செஞ்சான்னு கேளுங்க. வாயை மூடிக்கிட்டு இருந்தா அதோட போயிருக்கும். "அண்ணே, நான் சரியாத்தான் முடிச்சு வச்சேன். நான் டீக்குப் போனப்ப இவருதான் தொட்டிருக்காரு"ன்னு அத்தனை பேரு முன்னாடியும் சொல்லிட்டா. தலையில ரத்தம் வடிய நிக்கிறேன், எதுத்த ஆளு முன்னாடி புருசனைக் காட்டிக் குடுக்குறா. மாயழகு என்னை ஒரு பார்வை பாத்தான். அடிச்சிருந்தாக் கூடப் பரவாயில்ல. காறித் துப்பிட்டுப் போயிட்டான் சார்.

வேன் கிளம்புனதும் ஷட்டரை இழுத்து விட்டேன்.

ஃப்ளெக்ஸ் வெட்டுறதுக்கு இரும்பு அளவுகோல் ஒண்ணு உண்டு எங்ககிட்ட, ஆள் ஒசரம் இருக்கும், கனமானது. அதுதான் கைக்குக் கெடச்சுச்சு. கையை மேசை மேல வைன்னேன். வைக்கல. நானே எடுத்து வச்சேன். எந்த விரலு எந்த விரலுன்னு கேட்டேன், எந்த விரலால செஞ்சன்னு. "நான் செய்யலங்க"ங்கிறா, திரும்பத் திரும்ப அதையே. தப்பை ஒத்துக்கிட்டா விட்டுருப்பேன் சார். ஒத்துக்கவே இல்ல. டேப்லெட்டு மேலயே கையை வச்சுத்தான் அடிச்சேன்னு நெனைக்கிறேன், ஏன்னா அப்பறம் பாத்தா கண்ணாடி பூராச் சில்லுச் சில்லா கெடந்துச்சு. சொளையாக் காசு குடுத்து வாங்குன பொருளு, அதுவும் போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவ கத்துறதை நிறுத்திட்டா. நானே ஷட்டரைத் தூக்கி விட்டுத் தண்ணி வாங்கிட்டு வந்தேன். வந்து பாத்தா ஆளைக் காணோம். செருப்புக் கூடப் போடாமப் போயிருக்கா.

இப்ப அண்ணன் வீட்டுல இருக்கா, திருப்பத்தூர்ல. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறா. கடை அப்பிடியே கெடக்கு. ஆளை வச்சுப் பாத்தேன், ஒருத்தனுக்கும் வேலை வரல. கண்ணீர் அஞ்சலிக்குக் குடுத்தா மாப்பிள்ளை மாதிரி சிரிக்க வச்சுக் குடுக்குறான். வர்றவன் பூரா, "அக்கா எங்கண்ணே"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறான். அவ வரலைன்னா கடையை மூட வேண்டியதுதான் சார், வேற வழி இல்ல. வீட்டுலயும் ஒத்தையில ஒக்காந்து என்னத்தைப் பண்றது? சோறு இறங்க மாட்டேங்குது. எனக்கு அவ வேணும் சார். வாயைத் தொறந்து சொல்றதுக்கு வெக்கமா இருக்கு, ஆனா வேணும்.

அண்ணன்காரன் மகளிர் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டான். இன்னைக்கு வரச் சொல்லியிருக்காய்ங்க, அதுக்குத்தான் போறேன். நல்லதுதான். நாலு பேரு முன்னாடி நியாயம் பேசுனாத்தானே எந்தப் பக்கம் தப்புன்னு தெரியும். வெறுங்கையோடவும் போகல நானு. மேல பை இருக்கு பாருங்க, அது லேப்டாப்பு. புதுசு. மவுஸும் வாங்கியிருக்கேன், ரெண்டு. ஒண்ணு சாதா. இன்னொண்ணு இடது கைக்குப் புடிக்கிற மாதிரி. அது எதுக்குன்னா, வலது கையில மூணு விரலு இனி மடங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம். டாக்டருங்க பெருசு பண்ணித்தான் சொல்லுவாய்ங்க. இருந்தாலும் நான் யோசிச்சேன் பாத்தீங்களா? இடது கைன்னா பட்டனை மாத்திப் போட்டாப் போதுமாம், கொஞ்ச நாள்ல பழகிருமாம். ஆனியில முடியாட்டியும் ஆவணிக்குள்ள பழகிருவா.

திருப்பத்தூர் வந்துருச்சு சார். சார், ஒரு உதவி. நீங்களும் எறங்கி வாங்களேன். காரைக்குடிக்கு அடுத்த பஸ் ஒடனே இருக்கு, நானே ஏத்தி விடுறேன். அந்த இன்ஸ்பெக்டர் அம்மாகிட்ட நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். படிச்சவரு சொன்னாத்தான் கேப்பாங்க. டப்பாவைக் காட்டி, இதுல மவுஸ் எடுக்காது, இதை வச்சு அந்த வேலையைச் செய்ய முடியாது, தப்பு டேப்லெட்டு மேலதான்னு சொல்லுங்க. அவ்வளவுதான். எந்திரிங்க. அட எந்திரிங்க சார், இம்புட்டு நேரம் எல்லாத்தையும் கேட்டீங்கள்ல? எதுக்கு சார் கையை இழுக்குறீங்க? நான் என்ன செஞ்சுட்டேன் இப்ப? சும்மா புடிச்சதுக்கெல்லாமா இப்பிடிக் கத்துவாக, பஸ்ஸு பூராத் திரும்பிப் பாக்குது பாருங்க.